டப்பாவைக் குடுத்துட்டுப் போ: சிரிக்க வைக்கும் பிரேக்கப் பாட்டு ஒன்றை எழுதி வெளியிடுவது எப்படி?

எங்கள் பாட்டு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் தொடங்கியது. இரண்டடுக்கு, பக்கத்தில் கொக்கி, மூடியில் பாத்திரக்கடைக்காரர் வெட்டிக் கொடுத்த அம்மாவின் பெயர். நான் காதலித்த பெண்ணுக்கு ஒரு நாள் அதில் எலுமிச்சை சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் பிரிந்துவிட்டோம். டப்பா அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. காதல் இருந்ததும் முறிந்ததும் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் டப்பா இல்லாதது தெரியும். "டப்பா எங்கடா?" என்று தினமும் கேட்டார்.

அதற்கு முன் இரண்டு மாதம் நிலா, மழை, ரயில்வே ஸ்டேஷன் என்று உருகி உருகி எழுதித் தள்ளியிருந்தேன். எங்கள் இசைக்குழுவின் டிரம்மர் ஒரு பாட்டையும் முதல் சரணத்துக்கு மேல் கேட்டதில்லை. டப்பா கதையைச் சொன்னதும் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். சரி, இதுதான் பாட்டு என்று அன்றைக்கே முடிவாயிற்று.

கிட்டாரில் நாலு கார்டு தெரியும், கூட வாசிக்க ஓரிருவர் இருக்கிறார்கள், ஆனால் பாட்டை எப்படி முடிப்பது, எங்கே எப்படி வெளியிடுவது என்று தெரியாது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகச் சொல்கிறேன். சில படிகளில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், ஏனென்றால் அங்கேதான் நாங்கள் வழுக்கினோம்.

படி 1: சோகத்தை விடுங்கள், ஒரு பொருளைப் பிடியுங்கள்

பிரிவு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கும். அதனால் வலியைப் பற்றி எழுதினால் உங்கள் பாட்டும் எல்லார் பாட்டு மாதிரியே இருக்கும். ஆனால் பிரிந்தபின் யார் வீட்டில் என்ன மாட்டிக்கொண்டது என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. ஹெல்மெட், ஓடிடி பாஸ்வேர்டு, நூலகப் புத்தகம், பாதி தவணை பாக்கியிருக்கும் போன், இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்த பூனை. ஒரு தாளை எடுத்து இப்படிப் பத்துப் பதினைந்து பொருள் எழுதுங்கள். நண்பரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எதற்குச் சிரிக்கிறாரோ அதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று போதும். முதல் வரைவில் நான் டப்பா, ஹெல்மெட், பாஸ்வேர்டு மூன்றையும் போட்டிருந்தேன். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருந்தது. டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டபோது, முதல் சரணத்தில் அதில் என்ன இருந்தது, இரண்டாவதில் அது எங்கே போயிருக்கும், மூன்றாவதில் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கதை தானாக நகர்ந்தது.

படி 2: அடி வாங்குவது நீங்களாக இருக்கட்டும்

தமிழில் காதல் தோல்வியைக் கிண்டலாகப் பாடுவது புதிதில்லை. அந்த வகைப் பாட்டுக்கு 'சூப் சாங்' என்று பெயர். அந்தச் சொல்லைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது 2011 நவம்பர் 16 அன்று யூடியூபில் வந்த 'கொலவெறி' பாட்டு. '3' படத்துக்காக அனிருத் இசையமைத்தது, அவருக்கு அதுதான் முதல் படம். எழுதிப் பாடியவர் தனுஷ். அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது, பாடுகிறவன் தன்னையே தோற்றுப்போனவனாக வைத்துக்கொண்டு பாடுவது.

ஆனால் அதைச் சுற்றி நம் சினிமாவில் வந்த பல சூப் பாட்டுகள் வேறு பக்கம் போய்விட்டன. "பொண்ணுங்களே இப்படித்தான்" என்று ஆரம்பித்து, டாஸ்மாக்கில் முடியும் வகை. அந்தப் பக்கம் போகாதீர்கள். நல்ல பிள்ளையாக இருக்கச் சொல்லவில்லை, நகைச்சுவைக்கே அது கேடு. 'அவள்' என்று ஒருமையில் இருக்கும்வரை கதை. 'பொண்ணுங்க', 'பசங்க' என்று பன்மைக்குப் போன நிமிடம் அது புலம்பல். பாட்டில் யார் மூக்குடைபடுகிறார் என்று வரிக்கு வரி பாருங்கள். பெரும்பாலும் நீங்களாகவே இருக்கவேண்டும். எங்கள் பாட்டில் அந்தப் பெண் தவறே செய்யவில்லை. ஒரு டப்பா சாதம் கொடுத்துக் காதலைத் தக்கவைக்கலாம் என்று நம்பிய முட்டாள் நான்தான்.

படி 3: மெட்டும் கட்டமைப்பும்

எங்கள் பாட்டு பாப் ராக், அதாவது ராக் வாத்தியங்களோடு வரும் பாப் மெட்டு. பாப் ராக்கின் சூத்திரம் எளிது: சரணத்தில் அடக்கி வாசி, பல்லவியில் திறந்துவிடு. சரணத்தில் உள்ளங்கையால் தந்தியை அமுக்கிக்கொண்டு கிட்டார் 'டுக்கு டுக்கு' என்று போகும், டிரம்ஸ் ஹை-ஹேட்டோடு நிற்கும். பல்லவி வந்ததும் கார்டை முழுதாக அடித்து, சிம்பலைத் திறந்து, கூட இரண்டு பேர் கத்துவார்கள். கெல்லி கிளார்க்சன் 2004-இல் பாடிய 'சின்ஸ் யூ பீன் கான்' இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பாடப்புத்தகம். மேக்ஸ் மார்ட்டினும் டாக்டர் லூக்கும் எழுதியது. ஒருமுறை பாடலுக்காகக் கேளுங்கள். அடுத்தமுறை, எந்த நொடியில் எந்த வாத்தியம் உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று தாளில் குறித்துக்கொண்டே கேளுங்கள். ஒரு மாதம் வகுப்புக்குப் போவதற்குச் சமம்.

கார்டுக்கு ரொம்ப யோசிக்கவேண்டாம். ஜி, டி, இ மைனர், சி என்ற நான்கை வைத்து ஆயிரக்கணக்கான பாட்டுகள் இருக்கின்றன. கார்டு வரிசைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. வேகம் நிமிடத்துக்கு 120 முதல் 150 தாள அடிக்குள் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் பாட்டு அழ ஆரம்பித்துவிடும். நீளம் மூன்று நிமிடத்தைத் தாண்டவேண்டாம், ஒரே ஜோக்குக்கு அதற்குமேல் தாக்குப்பிடிக்காது.

ஒன்று மட்டும் கட்டாயம்: இரண்டாம் பல்லவிக்குப் பிறகு வாத்தியமெல்லாம் அடங்கி, பேச்சாக ஒரு இடம் வையுங்கள். டெய்லர் ஸ்விஃப்ட் 2012-இல் வெளியிட்ட 'வீ ஆர் நெவர் எவர் கெட்டிங் பேக் டுகெதர்' பாட்டில் நடுவே அவர் யாரிடமோ அலுத்துக்கொண்டு பேசுவது போல ஒரு துண்டு வரும். பாடும்போது வராத சிரிப்பு பேசும்போது வரும். பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அவருக்கு முதல்முறையாக முதலிடம் வாங்கித் தந்த பாட்டு அது. எங்கள் பாட்டில் அந்த இடத்தில் அம்மா போனில் பேசுவது போல வைத்தோம். குரல் எங்கள் பேஸ் கிட்டார்காரரின் பெரியம்மா.

படி 4: வரிகள். இங்கே நிதானமாக இருங்கள்

ஆங்கில ராக் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் தமிழில் எழுதும்போது செய்யும் முதல் காரியம், வரிக் கடைசியில் ஒலி பொருந்தும்படி எழுதுவது. நம் யாப்பில் அதற்கு இயைபு என்று பெயர். ஆங்கிலத்தில் அதற்கு மெனக்கெடவேண்டும். தமிழில் அது ஓசி. வினைமுற்று விகுதியே எல்லா வரியையும் ஒரே மாதிரி முடித்துவிடும். சிரித்தாய், முறைத்தாய், மறைத்தாய், பறந்தாய் என்று தூக்கத்தில்கூட நூறு வரி எழுதலாம். ஓசியில் வருவதால் காதுக்கு அதில் ஒரு கிக்கும் கிடையாது.

நமக்கு வேலை செய்வது எதுகை, அதாவது வரிகளின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து பொருந்துவது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்த அதே எதுகைதான். எங்கள் பாட்டில் வேலை செய்த இடம் இது:

தப்பா எதுவும் நெனைக்காத
டப்பா மட்டும் குடுத்துட்டுப் போ

'தப்பா' என்று வந்ததும் கேட்பவர் ஏதோ உருக்கமாக வரப்போகிறது என்று எதிர்பார்ப்பார். அதே ஒலியில் 'டப்பா' வந்து விழும். பொருளில் மட்டும் இருந்த ஜோக் ஒலியிலும் ஏறிக்கொள்கிறது. 

இன்னொன்று, குறில் நெடில். பல்லவியில் நீட்டிப் பாடவேண்டிய இடத்தில் நெடில் வந்தால் வாய் தானாகத் திறக்கும். 'போ' என்பதை நாலு அடிக்கு இழுக்கலாம், எட்டு அடிக்கும் இழுக்கலாம். அதே இடத்தில் 'விட்டுட்டு' என்று முடித்துப் பாருங்கள். கடைசி 'டு'வைக் குற்றியலுகரம் என்று சும்மா சொல்லவில்லை, அது இயல்பிலேயே பாதி மூச்சுதான். இழுத்தால் 'விட்டுட்டூஊஊ' என்று ஆகும். வேண்டுமென்றே சிரிப்புக்காகச் செய்தால் பிரமாதம். தெரியாமல் செய்தால் தமிழ் தெரியாதவர் பாடுகிறார் என்பார்கள். நான் முதலில் எழுதிய பல்லவி 'கேட்டு' என்று முடிந்தது. மூன்று நாள் பாடிப் பார்த்துத் தொண்டை கட்டிய பிறகுதான் தப்பு தொண்டையில் இல்லை, எழுத்தில் என்று புரிந்தது.

அப்புறம், ஜோக்கை வரியின் கடைசிச் சொல்லில் வையுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவது நமக்கு வசதி, ஆனால் சொல் வரிசையை மாற்றவும் நம் மொழி விடும். எங்கள் முதல் வரைவில் 'அம்மா டப்பா எங்கன்னு கேட்டாங்க, உன்னை யாரும் கேக்கல' என்று இருந்தது. தகவல் இருக்கிறது, சிரிப்பு இல்லை. திருப்பிப் போட்டோம்:

நீ எங்கன்னு யாருமே கேக்கல
டப்பா எங்கன்னு… அம்மா!

'அம்மா'வுக்கு முன்னால் எல்லா வாத்தியமும் அரை அடி நின்றுவிடும். அந்த அமைதிதான் ஜோக்கைச் சொல்கிறது, நாங்கள் சொல்வதில்லை.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்று ஒரு சண்டை வரும். பேச்சுத் தமிழ்தான். 'என் உணவுப் பெட்டியைத் திருப்பி அளித்துவிடு' என்று ராக் பாட முடியாது. முயன்றால் அதுவே ஒரு ஜோக்காகலாம், ஒரு வரிக்கு.

படி 5: வரிகளை வக்கீல் கண்ணோடு ஒருமுறை

பெயர் வேண்டாம். ஊர், அலுவலகம், தெரு, அவர் ஓட்டும் வண்டியின் நிறம்கூட வேண்டாம். தெரிந்தவர்கள் பத்துப்பேர் இருந்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் அவதூறு வழக்கு என்று வந்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவை நீங்கள் படிக்கவேண்டியிருக்கும். அவர் அனுப்பிய வாய்ஸ் நோட்டைப் பாட்டில் சேர்ப்பது, வாட்ஸப் உரையாடலை வீடியோவில் காட்டுவது இரண்டையும் யோசிக்கவே யோசிக்காதீர்கள். சட்டத்துக்கு முன்னாலேயே, அது கேவலம். எங்கள் பாட்டில் வரும் பெண் என்ன வேலை செய்கிறார், எப்படி இருப்பார் என்று ஒரு வரியும் கிடையாது. டப்பாவுக்குத்தான் வர்ணனை.

மெட்டையும் இப்போதே சோதித்துவிடுங்கள். தெரியாமல் ஏதோ பழைய பாட்டின் சாயல் விழுந்திருக்கும். ஐந்து பேரிடம் வெறும் ஹம்மிங்காகப் பாடிக் காட்டி, "இது எதையாவது ஞாபகப்படுத்துதா?" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே பாட்டின் பெயரைச் சொன்னால் மாற்றிவிடுங்கள். ஒலிவியா ரோட்ரிகோவின் 'குட் ஃபார் யூ' 2021 மே மாதம் வந்தது, அதுவும் கிண்டலும் கோபமும் கலந்த பாப் ராக் பிரேக்கப் பாட்டுதான். சில மாதங்களில் பாரமோர் குழுவின் ஹேலி வில்லியம்ஸ், ஜாஷ் ஃபாரோ இருவர் பெயரும் பாடலாசிரியர் பட்டியலில் சேர்ந்தன, அவர்களுடைய 'மிசரி பிசினஸ்' பாட்டோடு ஒப்பிட்டுப் பேச்சு வந்ததற்குப் பிறகு. பெரிய நிறுவனம் பின்னால் இருந்தால் பெயரைச் சேர்த்துச் சமாளிக்கலாம். நமக்கு அந்த வசதி கிடையாது.

படி 6: பதிவு

ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஓடும். அதனால் டிரம்ஸை மட்டும் ஸ்டூடியோவில் எடுத்துவிட்டு, மீதியை வீட்டில் எடுப்பது கட்டுப்படியாகும். போவதற்கு முன் தாளத்தைக் கிளிக் கிளிக் என்று எண்ணிக் கொடுக்கும் மெட்ரோனோமோடு பத்து நாளாவது ஒத்திகை பாருங்கள். கிளிக் சத்தம் காதில் ஓட வாசிக்கப் பழகாத டிரம்மர், ஸ்டூடியோவில் முதல் இரண்டு மணி நேரத்தை அந்தச் சத்தத்தோடு சண்டை போட்டே தீர்த்துவிடுவார்.

வீட்டுக்கு ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், ஒரு ஹெட்போன் போதும். எல்லாரும் கண்டென்சர் மைக் வாங்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். பால்காரர் மணி, பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் கோலமாவு விற்பவர் எல்லாரையும் அது உங்கள் பாட்டில் சேர்த்துவிடும். ஷூர் எஸ்எம்58 மாதிரி மேடையில் பயன்படுத்தும் டைனமிக் மைக் வாய்க்கு நேரே இருப்பதை மட்டும்தான் பெரும்பாலும் எடுக்கும். மென்பொருளுக்கு, மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். இல்லையென்றால் ரீப்பரை 60 நாள் காசு கொடுக்காமல் பயன்படுத்திப் பார்க்கலாம்.

துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பாடினால் அறை எதிரொலி பாதி குறையும். மின்விசிறியை நிறுத்தவேண்டும். மே மாதத்தில் இதைச் செய்தோம், ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒவ்வொரு முறை பாடிப் பதிவதற்கும், வியர்வை துடைக்க ஒரு துண்டு. இரண்டாம் சரணத்தின் நல்ல டேக்கில் கீழே அடுப்படியில் குக்கர் விசில் அடித்துவிட்டது. திரும்ப எடுக்க உட்கார்ந்தோம். டிரம்மர் வேண்டாம் என்றார். டப்பா பற்றிய பாட்டில் குக்கர் விசில் இருந்தால் என்ன? இப்போது அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், எந்த சவுண்ட் லைப்ரரியில் எடுத்தீர்கள் என்று.

பாடும்போது சிரிக்கக்கூடாது. இதுதான் மிகக் கடினம். உங்களுக்குச் சிரிப்பு வருகிறது என்று குரலில் தெரிந்தால் கேட்பவருக்கு வராது. உலகத்திலேயே அந்த டப்பாதான் முக்கியம் என்பது போல, தொண்டை அடைக்கப் பாடுங்கள். கவுண்டமணி கோபமாகத்தான் பேசுவார், சிரித்துக்கொண்டே பேசமாட்டார் இல்லையா?

படி 7: மிக்ஸிங்

தனித்தனியாக எடுத்த குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சமன்செய்வதுதான் மிக்ஸிங். அதில் ஒரே கேள்விதான்: வரிகள் புரிகின்றனவா? ராக் மிக்ஸ் செய்து பழகியவர்கள் கிட்டாரை மேலே தூக்கிக் குரலைக் கீழே வைப்பார்கள். சோகப் பாட்டில் அது செல்லும். சிரிப்புப் பாட்டில் ஒரு சொல் விழுங்கப்பட்டால் ஜோக்கே போச்சு. பாட்டை அதுவரை கேட்காத ஒருவருக்கு போன் ஸ்பீக்கரில் போட்டுக்காட்டி வரிகளை எழுதச் சொல்லுங்கள். எங்கள் முதல் மிக்ஸில் 'டப்பா' என்பதைப் பெரியப்பா மகள் 'அப்பா' என்று எழுதிக் கொடுத்தாள். 'அப்பா மட்டும் குடுத்துட்டுப் போ.' குரலைத் தூக்கினோம்.

ஸ்பாட்டிஃபை தன் தளத்தில் பாட்டின் சத்த அளவை மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற மட்டத்துக்குச் சமன்செய்துவிடும், யூடியூபும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் மாஸ்டரிங் என்ற கடைசி ஒலிச் சீரமைப்பில் காது கிழிய ஏற்றுவதில் லாபமில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கோப்பு வேவ் வடிவில் இருக்கவேண்டும், எம்பி3 வேண்டாம்.

படி 8: யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள்

வெளியீட்டுக்கு முன்னால், நட்பு நன்றாக இருக்கும்போதே. ஒரு தாளில் வரிகள் யாருடையது, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவு உரிமை யாருடையது, எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இந்தியாவில் ஒரு பாட்டுக்குள் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டின் உரிமையை யாருக்காவது எழுதிக் கொடுத்தாலும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற சங்கம் அந்தப் பங்கை வசூலித்துத் தருகிறது. ஒரு பாட்டு வெளியானதும் இருவரும் அதில் உறுப்பினராகிவிடுங்கள்.

படி 9: விநியோகம், அதாவது என் பாட்டு பஜனைக்குப் போன கதை

தனியாள் நேரடியாக ஸ்பாட்டிஃபையிலோ ஆப்பிள் மியூசிக்கிலோ பாட்டை ஏற்ற முடியாது. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி என்று பல இருக்கின்றன. சிலது ஆண்டுச் சந்தா, சிலது பாட்டுக்கு ஒருமுறை கட்டணம். ஒரே ஒரு பாட்டு போடப் போகிறவருக்கு ஆண்டுச் சந்தா நஷ்டம், சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடுமா என்பதைக் கட்டணப் பக்கத்தில் படித்துவிட்டுச் சேருங்கள். ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடம் கொண்ட அடையாளக் குறியீட்டை அவர்களே கொடுப்பார்கள். அதைத் தனியே குறித்துவையுங்கள். நாளைக்கு விநியோகஸ்தரை மாற்றினால் அதே குறியீட்டோடு போனால்தான் பழைய எண்ணிக்கை கூட வரும்.

அட்டைப்படம் சதுரம், 3000 பிக்சலுக்கு 3000. போன் திரையில் விரல்நக அளவுக்குச் சுருங்கும் என்பதை மனதில் வையுங்கள். நாங்கள் ஒரு டிபன் பாக்ஸை வெள்ளைத் தரையில் வைத்து மேலிருந்து எடுத்தோம், அவ்வளவுதான்.

இனி கதை. படிவத்தில் 'இந்தப் பெயரில் ஏற்கெனவே கலைஞர் பக்கம் இருக்கிறதா?' என்று கேட்பார்கள். எங்கள் குழுவின் பெயர் ஒரு சாதாரணத் தமிழ்ச் சொல். பட்டியலில் அது தெரிந்ததும் நம்மைத்தான் காட்டுகிறது என்று நினைத்து அழுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பாட்டு வந்தது, எங்கள் பக்கத்தில் இல்லை. அதே பெயரில் பக்திப் பாட்டு பாடும் ஒருவர் இருக்கிறார். விநாயகர் அகவலுக்கும் ஒரு மாரியம்மன் பாட்டுக்கும் நடுவே 'டப்பா மட்டும் குடுத்துட்டுப் போ' உட்கார்ந்திருந்தது. அவரைப் பின்தொடரும் பக்தர்களுக்கெல்லாம் அறிவிப்பும் போயிருக்கும். சரிசெய்யச் சில நாள் ஆனது. வெளியீட்டு வாரமே போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். அந்தக் கேள்வி வரும்போது நிதானமாகப் படித்து 'புதிய கலைஞர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட நல்லது, குழுவுக்குப் பெயர் வைக்கும்போதே ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் தேடிப் பார்ப்பது.

தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் போடுவதானால் மக்கள் எப்படித் தட்டச்சு செய்வார்கள் என்று யோசியுங்கள். ழகரம் வரும் தலைப்பை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். தேடலில் பாட்டு காணாமல் போகும். எழுத்துப்பிழை விழ வழியில்லாத சொல்லே தலைப்புக்கு நல்லது. மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று மறக்காமல் கொடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பாட்டுத் தொகுப்பு தயாரிப்பவர் கண்ணில் படாது. வரிகளை மியூசிக்ஸ்மேட்ச் என்ற பாடல்வரித் தளத்தில் ஏற்றிவிட்டால் ஸ்பாட்டிஃபையிலும் இன்ஸ்டாகிராமிலும் பாட்டோடு ஓடும். சிரிப்புப் பாட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற வசதிக்கு டிக் போட்டால், யார் உங்கள் பாட்டைப் பயன்படுத்தினாலும் கண்டுபிடிக்கும். நீங்கள் பயன்படுத்தினாலும்தான். உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் பாட்டைத் திருடியதாக உங்களுக்கே நோட்டீஸ் வரும். எல்லாரும் வாங்கக்கூடிய ரெடிமேட் லூப்பை, அதாவது முன்பே பதிவுசெய்து வைத்த இசைத் துண்டை, பாட்டில் பயன்படுத்தியிருந்தால் அந்த டிக்கைப் போடவே கூடாது.

படி 10: நாள் பார்த்தல்

உலகம் முழுக்கப் புதுப்பாட்டு வெள்ளிக்கிழமைதான் வருகிறது, 2015 ஜூலை 10 முதல் அதுதான் வழக்கம். நமக்கு வெள்ளி என்றால் புதுப்படமும் வரும். பெரிய நடிகரின் படமோ அவர் படத்தின் முதல் பாட்டோ வரும் வாரத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள், தீபாவளி பொங்கல் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். பிப்ரவரி 14-க்குக் காதல் பாட்டுகள் அலைமோதும். எனக்குக் கேட்டால் பிப்ரவரி 15 தேவலை. முந்தின நாள் கூத்தைப் பார்த்துச் சலித்தவர்கள் அன்றைக்கு நம் பக்கம்தான், கிழமை என்னவாக இருந்தாலும்.

கோப்பை நாலு வாரம் முன்பே விநியோகஸ்தரிடம் கொடுத்துவிடுங்கள். காரணம், கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கிலிருந்து அவர்களுடைய தொகுப்பாளர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கலாம். குறைந்தது ஏழு நாள் முன்னதாகச் செய்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலிலும் பாட்டு சேரும். அந்த விண்ணப்பத்தில் 'இதயத்தைத் தொடும் இசைப்பயணம்' என்றெல்லாம் எழுதாமல், 'பிரிந்த காதலியிடம் அம்மாவின் டிபன் பாக்ஸைத் திருப்பிக் கேட்கும் தமிழ் பாப் ராக் பாட்டு' என்று எழுதுங்கள்.

படி 11: வீடியோ

காசைக் கொட்டவேண்டாம். கொலவெறி பாட்டோடு முதலில் வந்த வீடியோவே ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்று பாடும் காட்சிதான். முழு வீடியோவைவிட, அந்த 'அம்மா!' நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள 15 விநாடிதான் ரீல்ஸில் ஓடும். அதற்கு முன்னால் இரண்டு வரியாவது இருக்கும்படி வெட்டுங்கள், வெறும் ஜோக்கை மட்டும் வெட்டிப் போட்டால் விளங்காது. மற்றவர்கள் தங்கள் கதையைப் போட வசதியாக, வரி இல்லாத கிட்டார் துண்டு ஒன்றையும் தனியாகக் கொடுங்கள். எங்களுக்கு வந்த முதல் ரீல் ஓர் அக்காவுடையது. அலுவலக ஃபிரிட்ஜில் இருந்து காணாமல் போன டப்பாவைப் பற்றி, காதல் சம்பந்தமே இல்லை.

படி 12: வந்தபின்

பணத்தை எதிர்பார்த்து ஆப்பைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கணக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே கிடையாது. யூடியூப் விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் ஆயிரம் சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். கணக்கு அறிக்கை வரவே இரண்டு மூன்று மாதம் ஆகும். முதல் ஆயிரம் கேட்பு வரையில் உங்கள் வேலை, கருத்து எழுதிய ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவது. பழைய காதலியையோ காதலனையோ டேக் செய்வது அந்த வேலையில் சேராது. அவரே கேட்டுவிட்டுப் பேசினால் மரியாதையாகப் பேசுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல்.

அப்புறம் மேடை. இந்த வகைப் பாட்டுக்கு உயிர் அங்கேதான் வரும், கல்லூரி கல்சுரல்ஸோ காபிக் கடை ஓப்பன் மைக்கோ எதுவானாலும். பதிவில் 'அம்மா'வுக்கு முன்னால் அரை அடி நிறுத்தினோம் இல்லையா, மேடையில் அது போதாது. பாட்டு தெரிந்தவர்கள் இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தால் நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர்களே கத்திவிடுவார்கள், மற்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்கு இடம் கொடுங்கள். கிட்டாரில் கையை வைத்துச் சத்தத்தை அடக்குங்கள், மைக்கை அவர்கள் பக்கம் நீட்டுங்கள், சிரிப்பு முழுக்க அடங்கும்வரை டிரம்மர் குச்சியைத் தலைக்கு மேலேயே பிடித்திருக்கட்டும்.